பேனாக் கோடு: மரத்துப்போன காலோடு கடலுக்குள் இறங்கிய ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டை, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்று வெளியூரார் அறிவார்கள். அந்தக் காலத்தில் ரப்பர், இன்று செம்பனை. கடல் எங்களுக்குத் தூரம். இங்கே நீச்சல் என்றால் லாசா, லிந்தாங் பக்கம் ஓடும் புளூஸ் ஆறுதான். இந்த ஊரில் பிசியோ கிளினிக் வைத்திருக்கும் என்னிடம் முதுகுவலியும் முழங்கால்வலியும் பக்கவாதமும்தான் வரும். முதுகில் காற்றுக் கலனோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா முக்குளிப்பு செய்த ஒருவர் வந்து உட்காருவார் என்று நான் நினைத்ததில்லை. அவர் வந்த பிறகுதான் இந்தத் துறையைத் தேடிப் படித்தேன், தெரிந்த மருத்துவரிடம் கேட்டேன், கடைசியில் நானே ஈப்போவில் நீச்சல்குளத்தில் இறங்கிக் கற்றுக்கொண்டேன்.

அவரை இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன். "பேரு வேணாம் தங்கச்சி, மத்ததெல்லாம் எழுது. நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொல்லி ஒப்புதல் கொடுத்தார்.

அண்ணன் என்னிடம் வந்தது 2022 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 46. செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை. 2016-இல் மழை விட்ட ஒரு மாலையில் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கி, இடது முழங்காலின் வெளிப்பக்கம் மதகுக் கட்டையில் மோதியது. எலும்பு முறியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தவர் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் தடவிப் பார்த்தால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு ஓடுகிறது. மேலே சதை மெத்தை கிடையாது, தோலுக்கு அடியிலேயே கிடக்கும். பாதத்தை மேலே தூக்குவது, விரல்களை நிமிர்த்துவது, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. அடிபட்ட நரம்பு திரும்ப வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து பாதம் வரை போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். அண்ணனுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தது: கட்டைவிரல் முழுதாக நிமிராது, களைத்த நாளில் படியில் பாத நுனி தட்டும், பாதத்தின் மேற்பக்கம் எப்போதும் மரத்திருக்கும். அதோடு வாழப் பழகிவிட்டார். ஆலையில் யாருக்கும் தெரியாது.

மூத்த மகள் திரங்கானுவில் கடலியல் படிக்கிறாள். "அப்பா, நான் பார்க்கிறதை நீங்களும் ஒரு தடவை பார்க்கணும்" என்று அவள் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆலைச் சூட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற மனிதருக்கு மகள் கொடுக்க நினைத்தது ஒரு கடல். அந்த ஆசையில் தப்பே இல்லை.

முதல் பயணம்

2022 ஜூன் மாதம் கிழக்குக் கரையோரம் உள்ள பெர்ஹெந்தியான் தீவில் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்தார். பயிற்சிக்கு முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில், நரம்பு மண்டலத்தில் நீடித்த காயமோ நோயோ உண்டா என்ற பொருளில் ஒரு வரி வரும். 'ஆம்' என்று குறித்தால் மருத்துவர் கையெழுத்தில்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அண்ணன் 'இல்லை' என்று குறித்தார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. "நோய் ஒண்ணும் இல்லையே, அடிதானே பட்டுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். நம்மவர்களில் பலர் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். நோய் என்றால் மாத்திரை, ரத்தப் பரிசோதனை. விழுந்து அடிபட்டது அந்தக் கணக்கில் சேராது.

மூன்று நாளில் ஆறு முறை இறங்கினார். அதிகபட்ச ஆழம் 18 மீட்டர். கடைசி முக்குளிப்பு காலை 11.30-க்கு முடிந்தது. மதியச் சாப்பாட்டின்போது இடது கால் வழக்கத்தைவிட மரத்திருப்பதாகத் தோன்றியது, தொடையில் கனம். களைப்பு என்று நினைத்தார். 1 மணிப் படகில் கரையிலுள்ள கோலா பெசுட் படகுத்துறைக்கு வந்து, அங்கிருந்து தம்பி காரோட்ட ஜெலி வழியாக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே மனம் திடுக்கிடும். 1982-இல் திறக்கப்பட்ட கெரிக்-ஜெலி நெடுஞ்சாலை தித்திவாங்சா மலைத்தொடரை ஏறித்தான் தாண்டுகிறது. யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டி மேலே போனால் ஓர் ஓய்விடம் வரும். உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். மாலை 5 மணிக்கு அங்கே இறங்கித் தேநீர் வாங்கப் போனவர், இரண்டு படி இறங்குவதற்குள் இடது கால் மடங்கி விழப் பார்த்தார். தம்பி பிடித்துக்கொண்டான்.

ஆழத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்று அழுத்தத்தோடு வருகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 மீட்டரில் மொத்தம் 2.8 மடங்கு. காற்றில் உள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்துக்கு ஏற்ப ரத்தத்திலும் சதையிலும் நரம்பைச் சூழ்ந்த கொழுப்பிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். வேகமாக வந்தாலோ, அல்லது மேலே வந்தபின் சீக்கிரமே காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனாலோ, சோடா புட்டி திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழாகக் கிளம்பும். முக்குளிப்பவர்கள் இதைப் பெண்ட்ஸ் என்பார்கள். தமிழில் அழுத்தத் தளர்வு நோய் எனலாம். மூட்டுவலி, தோல் அரிப்பு, அளவுமீறிய களைப்பு, கைகால் மரப்பு, நடை தள்ளாட்டம், முதுகுத்தண்டில் தாக்கினால் கால் செயலிழப்பு, சிறுநீர் அடைப்பு வரை போகலாம். விமானப் பயணத்துக்கு உள்ள பரிந்துரை, ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம், பல நாள் பல முறை இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. இந்தக் கணக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குப் போடப்பட்டது. மலைச்சாலைக்கும் அதே கணக்குதான் என்பதை யாரும் அண்ணனுக்குச் சொல்லவில்லை. ஆறு முறை இறங்கியவர் ஐந்தரை மணி நேரத்தில் 1,000 மீட்டர் ஏறிவிட்டார்.

வீட்டில் மனைவி கோடாலித் தைலம் தடவினார். வாயு பிடித்திருக்கிறது என்று மாமியார் சொன்னார். மறுநாள் ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே பழைய அடியைச் சொன்னார், முக்குளித்ததைச் சொல்லவில்லை. பழைய நரம்புக் கோளாறு என்று எழுதி வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மூன்று நாளில் கனம் போய்விட்டது.

'கெபாஸ்'

மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அது பழைய கால்தானா, இல்ல கடல்ல வந்ததா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரை மணிக்கணக்கில் கேள்வி கேட்டும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அவர் பயன்படுத்தியது 'கெபாஸ்' என்ற மலாய்ச் சொல். நம் ஊரில் தமிழ் பேசும்போதும் மரப்புக்கு அந்தச் சொல்தான் ஓடுகிறது. தொட்டால் தெரியாததும் கெபாஸ், எறும்பு ஊர்வதும் கெபாஸ், கால் கனப்பதும் கெபாஸ், தூக்க வலு இல்லாததும் கெபாஸ். கிளினிக் சீட்டிலும் அந்த ஒரு சொல்தான். உணர்வு போவதும் வலு போவதும் வேறு வேறு. எறும்பு ஊர்வது வேறு, எரிவது வேறு. நோயைப் பிரித்தறிய இந்த வேறுபாடுகள்தான் நமக்கு வழி. "மரத்துப்போச்சா, விறுவிறுன்னு இருந்துச்சா, கனமா இருந்துச்சா, தூக்க முடியலையா?" என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டேன். "அப்ப எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

உள்ளங்காலில் உணர்வு இருந்ததா? பார்க்கவில்லை. வலது காலில்? அதை யார் பார்த்தார்கள். சிறுநீர் தடையில்லாமல் போனதா? நினைவில்லை. இந்த மூன்றில் ஒன்றுக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருந்தால் போதும். பெரோனியல் நரம்பு உள்ளங்காலுக்கு உணர்வு தருவதில்லை, தொடைக்கும் தருவதில்லை. மறுகாலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ அதோடு தொடர்பே இல்லை. அந்த எல்லைக்கு வெளியே புதிதாக ஏதாவது தெரிந்தால், பழைய அடியின் மேல் பழி போட முடியாது. தொடையில் கனம் என்று அவர் சொன்னது என் மனத்தை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் படம் சரியாக இருப்பதால் மட்டும் பெண்ட்ஸ் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஈப்போவில் செய்த நரம்புக் கடத்தல் சோதனை முழங்கால் ஓரத்துப் பழைய பாதிப்பை மட்டும் காட்டியது.

நரம்பு பாதிப்பு மிச்சமுள்ளவர் முக்குளிக்கும்போது உள்ள பெரிய ஆபத்து இதுதான். மரத்த கால் தண்ணீருக்கடியில் அவரைக் கொல்லப் போவதில்லை. புதிதாக வந்த நோய் பழைய காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவர் தன் காலைப் பழகிவிட்டவர். "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிடுவார். ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய முதல் சில மணி நேரம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

இறங்கலாமா?

கோலாலம்பூரில் முக்குளிப்பு மருத்துவம் பயின்ற ஒருவரிடம் அண்ணனை அனுப்பினேன். அவர் முதலில் பார்த்தது இந்தப் பாதிப்பு நிலையானதா, வளர்கிறதா என்பதை. நம்மிடையே நீரிழிவு அதிகம். பாதம் மரத்தால் அதைத் தேடாமல் விடக் கூடாது. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. பாதத்தை உள்பக்கம் திருப்பும் வலு முழுதாக இருந்தது. முதுகு எலும்பு வட்டு நழுவி நரம்பு வேர் நசுங்கியிருந்தால் அந்த அசைவும் தளர்ந்திருக்கும். கணுக்காலுக்குப் பின்னுள்ள தசைநாணைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துள்ளியது. ஆகவே முதுகுத்தண்டு தப்பியது. பாதிப்பு கால் நரம்பில்தான்.

இந்தப் பிரிவினை மிக முக்கியம். மூளையிலோ முதுகுத்தண்டிலோ பழைய பாதிப்பு இருந்தால் கதையே வேறு. அங்கே மிச்சமிருக்கும் நரம்புத் திசு ஏற்கெனவே இரட்டிப்பு வேலை செய்துகொண்டிருக்கும். இன்னொரு அடி தாங்காது. முதுகுத்தண்டு பெண்ட்ஸ் வந்து மரப்பு மிச்சமிருப்பவரை இனி கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்கள் பலர். அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. அண்ணனுக்குக் கிடைத்த அனுமதியை வைத்து அவர்கள் யாரும் தங்களுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

முதல் பயணத்தில் நடந்தது என்னவென்று தெரியாததால், அதைப் பெண்ட்ஸ் என்றே வைத்துக்கொண்டு மருத்துவர் நடந்தார். பத்து மாதம் கடல் கிடையாது என்றார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் பிறப்புக்குப் பின் மூடாமல் விட்ட சிறு துளை ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருக்கும். குமிழ்கள் அதன் வழியே தமனிப் பக்கம் தாண்டினால் நரம்பைத் தாக்கும் வாய்ப்பு கூடும். அதற்கான ஸ்கேன் எடுக்கச் சொன்னார். துளை இல்லை. இரவில் விழுங்கிக்கொண்டிருந்த பிரிகாபலின் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். அது மந்தத்தைத் தரும், ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கம் அதன் மேல் சேரக் கூடாது. எரிச்சல் தாங்க முடியாமல் மாத்திரை தேவைப்பட்டிருந்தால் அனுமதி இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பிறகு, அவர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வதோடு கூட இறங்குபவரையும் இழுத்துவர முடியுமா என்று பார்க்கச் சொன்னார். அந்த வேலை என்னுடையது.

கோடு

அண்ணனின் பழைய காலை முதலில் வரைந்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பஞ்சு, பல்குத்தும் குச்சி, ஐஸ் கட்டி, வெந்நீரில் நனைத்த கரண்டி ஆகியவையே எங்கள் கருவிகள். கண்ணை மூடச் சொல்லி, உணர்வில்லாத இடத்திலிருந்து உணர்வுள்ள இடத்துக்குக் குச்சியை நகர்த்திக்கொண்டே போனேன். "இப்ப" என்று அவர் சொன்ன இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. வெளிக் கணுக்காலுக்கு மேல் 16 சென்டிமீட்டரில் தொடங்கி, பாதத்தின் மேற்பக்கம் முழுவதையும் சுற்றி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் சேர்த்துக்கொண்டு, சுண்டுவிரல் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது கோடு. உள்ளங்கால் முழுவதும் தெளிவாக இருந்தது.

முதல் முறை நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. என் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கால் ஜில்லென்று இருந்தது. இருபது நிமிடம் போர்வை போர்த்திவிட்டு மீண்டும் பார்த்தபோது கோடு இரண்டு விரல் கீழே இறங்கியது. குளிரில் நரம்பு மந்தமாகும் என்பது பாடத்தில் படித்ததுதான், கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது. முக்குளிப்பவர் நனைந்து, காற்றில் குளிர்ந்துதான் படகில் ஏறுவார். ஆகவே இரண்டு கோடு வரைந்தோம்: சூட்டில் நீலம், குளிரில் சிவப்பு. சிவப்பைத் தாண்டினால் புதிது. படம் எடுத்து மூன்று பேரின் கைப்பேசியில் வைத்தோம்.

கோட்டோடு சேர்த்து, வலுவுக்கு 5-இல் எத்தனை என்றும் எழுதினோம்: பாதத்தைத் தூக்க 4, கட்டைவிரல் நிமிர்த்த 3, மற்றதெல்லாம் 5. ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து, கையைக் கட்டி, கண்மூடி நின்றால் 40 விநாடி தாங்குவார். குதிகாலால் இடது பக்கம் மூன்று அடிக்கு மேல் நடக்க முடியாது. நுனிக்காலால் எத்தனை அடியும் நடப்பார். நல்ல நாளில் அவர் காலால் என்னென்ன முடியாது என்பது தெரிந்தால்தான் கெட்ட நாளில் எது புதிது என்று தெரியும். இந்தச் சோதனையை மகளுக்கும் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்குள் முடித்தார்கள்.

சிறுநீர்க் கேள்விதான் சங்கடம். முதுகுத்தண்டு தாக்கப்பட்டால் முதலில் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் அது ஒன்று. கேட்காமல் விடக் கூடாது. அப்பாவிடம் மகள் எப்படிக் கேட்பாள்? அவளுக்கும் வாய் வரவில்லை, அவருக்கும் முகம் சிவந்தது. கடைசியில் தண்ணீரில் எழுதும் சிலேட்டில் கடைசிக் கட்டம் அவருக்கென்று ஒதுக்கினோம். மேலே வந்து, போய்விட்டு வந்து, அவரே அதில் ஒரு டிக் போட வேண்டும். டிக் இல்லை என்றால் அடுத்த முக்குளிப்பு இல்லை.

குளத்தில் கற்றது இன்னொன்று. தவளை போலக் காலை மடக்கி உதைக்கும் முறைக்குப் பாதம் மேலே தூக்கி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அண்ணனுக்கு அது வராது. மேலும் கீழும் அடிக்கும் சாதாரண உதை இடுப்பிலிருந்து வருவது, பாதம் பின்னால் நீண்டிருந்தால் போதும். அது நன்றாக வந்தது. நீண்ட கடினமான துடுப்பை மாற்றி மென்மையான துடுப்பு வாங்கினோம். கெண்டைக்காலில் கத்தி கட்டும் பட்டையைக் கழற்றி எறிந்தோம். அது அழுத்துவது சரியாக அந்த எலும்பு முண்டின் மேல். இறுக்கமான நீருடைக்கும் அதே காரணத்தால் முழங்கால் பக்கம் ஓர் அளவு பெரிதாகப் பார்த்து எடுத்தோம். காலணி கெட்டியான அடியோடு இருக்க வேண்டும், போடுமுன் கைவிட்டு மணல் இருக்கிறதா என்று தடவ வேண்டும், கழற்றியதும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் பயணத்தில் பவளம் கிழித்த வெட்டு ஒன்றை ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். ஏணியில் ஏறுமுன் கலனையும் எடைப்பட்டையையும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். தூக்க முடியாத பாதம் ஏணிப்படியில் மாட்டினால் முதுகில் பாரத்தோடு விழுவார். கூட இருந்தவரை அவர் 100 மீட்டர் இழுத்து வந்ததைப் பார்த்த பிறகுதான் மருத்துவருக்கு எழுதினேன்.

அனுமதி வந்தது, வரம்போடு. ஆழம் 18 மீட்டருக்கு மேல் கிடையாது, ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் கிடையாது, நைட்ராக்ஸ் 32 கலவையில் இறங்க வேண்டும், ஆனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடக் கையில் கட்டும் முக்குளிப்புக் கணினியைச் சாதாரணக் காற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கலவையில் 32 விழுக்காடு ஆக்சிஜன், நைட்ரஜன் சாதாரணக் காற்றைவிடக் குறைவு. 18 மீட்டரில் இருக்கும்போது உடலில் ஏறுவது காற்றில் 14 மீட்டரில் ஏறும் அளவுதான். கணினியோ 18 என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே மேலே போகச் சொல்லும். அந்த இடைவெளிதான் அவருக்கான காப்பு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது, 5 மீட்டரில் எல்லாரும் நிற்கும் 3 நிமிடத்தை இவர் 5 நிமிடமாக்க வேண்டும். நான் 12 மீட்டர் ஆழமே போதும் என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முடிவு மருத்துவருடையது.

இரண்டாம் பயணம்

2023 மே. இந்த முறை படிவத்தில் 'ஆம்' என்று குறித்து, மருத்துவர் கடிதத்தையும் காலின் படத்தையும் பயிற்றுநரிடம் கொடுத்தார். படகில் ஆக்சிஜன் கலன் இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா என்று மகள் திறந்து பார்த்தாள். பேராக்கில் லுமுட் ராணுவ மருத்துவமனையில் உயரழுத்தச் சிகிச்சை அறை உண்டு; பெண்ட்ஸ் வந்தவரை அங்கே 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுப்பார்கள். வழக்கமான ஒரு முறைக்கு 4 மணி 45 நிமிடம் ஆகும். ஆனால் பெர்ஹெந்தியானிலிருந்து லுமுட்டுக்குச் சாலையில் வர மலையைத் தாண்ட வேண்டும். ஆகவே ஏதாவது ஆனால் தாங்களாகவே காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடி வரக் கூடாது. கிழக்குக் கரையிலேயே மருத்துவமனையில் சேர்த்து, எங்கே எப்படிக் கொண்டுபோவது என்பதை மருத்துவர்களிடம் விட வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் 12.20-க்கு என் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. நனைந்த இடது கால், சிவப்புக் கோடு, அதற்கு மேலே மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி. எனக்குக் கை நடுங்கியது. உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, அப்பா ஏறின மாதிரி இருக்குன்னு சொன்னாரு. பார்த்தா ஏறியிருக்கு."

"ஆக்சிஜன் கொடுத்தாச்சா?"

"போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் படம் எடுத்தேன்."

அந்தப் பெண்ணை அன்றைக்கு நான் மனதாரக் கும்பிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். உள்ளங்கால்? தெளிவு. தொடை? தெளிவு. வலது கால்? தெளிவு. சோதனைக்கு எழுந்து நின்றபோது 40 விநாடி நின்றார். கட்டைவிரல் 3-இலிருந்து 2-ஆகக் குறைந்திருந்தது. சிலேட்டில் டிக்? இருந்தது. மேலே வந்து என்ன செய்தார்? படகின் தளத்தில் குத்தவைத்து அரைமணி நேரம் எல்லாருடைய சாமான்களையும் அடுக்கிக்கொண்டிருந்தாராம். ஆலையில் பழகிய உடம்பு, சும்மா உட்காரத் தெரியாது.

குத்தவைத்து உட்காரும்போது அந்த நரம்பு முழங்கால் ஓரத்தில் நசுங்கும். வயலில் நாள்முழுக்கக் குத்தவைத்துக் களையெடுப்பவர்களுக்கு அடிபடாமலே பாதம் தொங்கிப்போவதுண்டு. எல்லை மேலே நகர்ந்தாலும் அந்த நரம்பின் நாட்டுக்குள்ளேயே நகர்ந்திருந்தது. வெளியே ஒரு புள்ளி இல்லை. எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் ஏறக்குறைய என்பது போதாது. முக்குளித்து வந்த பிறகு புதிதாக எது தெரிந்தாலும், வேறு என்று நிரூபிக்கும்வரை அது பெண்ட்ஸ்தான். ஆக்சிஜனில் சரியாகிவிட்டது என்பதும் நிரூபணம் ஆகாது. பெண்ட்ஸும் ஆக்சிஜனில் தற்காலிகமாகத் தணியும், பிறகு திரும்பும். படுக்கவைத்து, ஆக்சிஜனை நிறுத்தாமல், தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, படகில் கோலா பெசுட் கொண்டுவந்தார்கள். மருத்துவமனையில் அந்தக் காலின் படத்தைக் காட்டியபோது மருத்துவர் சில நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவரும் ஒரு பேனாவை எடுத்து முழுச் சோதனையையும் தொடக்கத்திலிருந்து செய்தார். மாலை 5 மணிக்குக் கோடு சிவப்புக்கே திரும்பியது, இரவு நீலத்துக்கு. கட்டைவிரல் 3. பார்த்த இரு மருத்துவர்களும் நசுங்கல் என்றே முடிவு செய்தார்கள், ஆனாலும் அந்தப் பயணத்தில் இனி கடல் இல்லை, இரண்டு நாள் கரையிலேயே தங்கித்தான் மலை ஏற வேண்டும் என்றார்கள்.

தம்பிக்கு ஆத்திரம். லீவு போச்சு, காசு போச்சு, ஒன்றுமில்லாததற்கு இவ்வளவா என்று கேட்டான். முதல் பயணத்தின் கேள்விக்கு எங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டாம் பயணத்தின் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைத்தது. அந்தப் பதிலின் விலை இரண்டு முக்குளிப்பும் இரண்டு இரவு அறை வாடகையும் என்றால், அதைவிட மலிவாக அது கிடைத்திருக்காது என்று அவனிடம் சொன்னேன்.

பிறகு

2024 ஏப்ரலில் மீண்டும் போனார்கள். மூன்று நாளில் நான்கு முறை இறங்கினார். சர்க்கரை ஏற்றிவந்து மூழ்கிய கப்பலைப் பார்த்துவிட்டு வந்தார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இப்போதும் நிறுத்த மாட்டார். படகில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி; குத்தவைக்கத் தடை. நான்கு முறையும் கோடு சிவப்பைத் தாண்டவில்லை. சிலேட்டில் நான்கு டிக்.

கடைசி முக்குளிப்பு முடிந்து ஒரு முழு நாள் கோலா பெசுட்டில் தங்கினார்கள். மறுநாள் மதியம் கிளம்பி, மாலையில் தித்திவாங்சா ஓய்விடத்தில் நிறுத்தியபோது மூடுபனி இறங்கியிருந்ததாம். இரண்டாண்டுக்கு முன் அவர் தடுமாறிய அதே படி. அண்ணன் அதன் மேல் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டார். மகள் தேநீர்க் கடையில் ஒரு பல்குத்தும் குச்சி வாங்கி வந்தாள். குச்சியைக் கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக நகர்த்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப" என்றார்.

குச்சி சரியாகச் சிவப்புக் கோட்டிலேயே நின்றிருந்தது. மலைக்குளிர், சிவப்புதான் சரி. மகள் எனக்குப் படம் அனுப்பினாள். அண்ணன் காலணியைப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு படியையும் இறங்கித் தேநீர் வாங்கப் போனார்.